உரிமை நகர் பிரீடவுன்

மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில், மலையும் கடலும் தழுவும் இயற்கைத் துறைமுகம் ஒன்றின் கரையில் விளங்குவது பிரீடவுன். சியரா லியோன் நாட்டின் தலைநகரான இதன் பெயருக்கு 'விடுதலை நகரம்' என்பது பொருள். பெயரில் அமைந்த விடுதலை வாழ்வில் அத்துணை எளிதாக வந்துவிடவில்லை என்பதை அதன் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

18ஆம் நூற்றாண்டில் இந்நிலப்பகுதி தெம்னே மக்களின் ஆட்சியில் இருந்தது. அருகிலுள்ள ஆற்றின் நடுவே, பன்ஸ் தீவில், ஆங்கிலேய அடிமை வணிகரின் கோட்டை நின்றது. அங்கிருந்து கப்பலேற்றப்பட்டோர் பலர் அமெரிக்காவின் நெல்வயல்களில் உழைக்க விற்கப்பட்டனர். அடிமைச் சந்தையின் வாயிலிலேயே விடுதலை நகரம் எழுந்தது என்பது வரலாற்றின் விந்தை.

1787இல் இலண்டனிலிருந்து வந்த வறிய கறுப்பின மக்கள் அமைத்த முதற் குடியிருப்பு 1789இல் அழிந்தது. நகரை நிலைநாட்டியவர்கள் அவர்களுக்குப் பின் வந்தவர்களே. அமெரிக்க விடுதலைப் போரில், உரிமை தருவதாகக் கூறிய ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்த அடிமைகள், போருக்குப் பின் குளிர் மிகுந்த நோவா ஸ்கோஷியாவில் குடியேற்றப்பட்டனர். வாக்களித்த நிலம் பலருக்குக் கிட்டவில்லை. அவர்களுள் ஒருவரான தாமஸ் பீட்டர்ஸ் கடல் கடந்து இலண்டன் சென்று முறையிட்டார். அதன் பயனாக 1792இல் ஏறத்தாழ 1,200 பேர் 15 கப்பல்களில் வந்து இந்நகரை அமைத்தனர்.

இங்கும் அவர்கள் நிலத்திற்கு வரி கேட்கப்பட்டது. வரியின்றி நிலம் தருவதாக முன்னர்ச் சொன்ன சொல் பொய்த்ததால் 1800இல் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்க, அப்பொழுதுதான் வந்திறங்கிய ஜமெய்க்கா நாட்டு மரூன்களை ஆட்சியாளர் ஏவினர். அடிமைத்தனத்தை எதிர்த்துப் போரிட்ட மரபினரே உரிமை கேட்டவரை ஒடுக்க நேர்ந்ததை எண்ணி நாம் வருந்தாதிருக்க இயலாது.

1807இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அதன்பின் கடற்படையினர் மறித்த கப்பல்களிலிருந்து பல்லாயிரவர் இந்நகரில் இறக்கப்பட்டனர். அவர்தம் பெயர்கள் பதிவேடுகளில் எழுதப்பெற்றன. மீட்கப்பட்டோரும் உடனே முழு உரிமை பெற்றாரல்லர். பலர் படையில் சேர்க்கப்பட்டனர்; தொழிற் பயிற்சி என்னும் பெயரால் பலர் பிறரிடம் ஏவலராக ஒப்படைக்கப்பட்டனர்.

எனினும் அம்மக்கள் சோர்ந்திலர். 1827இல் தோன்றிய பூரா பே கல்லூரியில், கப்பலிலிருந்து மீட்கப்பட்ட இளைஞரான சாமுவேல் அஜாயி குரோதர் முதல் மாணவருள் ஒருவரானார். பின்னர் 1864இல் அவர் பேராயராக உயர்ந்தார். தம் தாய்மொழியாகிய யொரூபாவில் விவிலியத்தை மொழிபெயர்க்கும் பணிக்கும் தலைமை தாங்கினார். கோலே என்னும் செருமானிய அறிஞர் 1854இல் வெளியிட்ட ஆப்பிரிக்க மொழிச் சொற்றொகுதிக்கு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளின் சொற்களை இந்நகர மக்களிடமே கேட்டுத் தொகுத்தார். இத்தனை மொழியினர் கூடி வாழ்ந்த இடத்தில், ஆங்கிலச் சொற்களோடு யொரூபா முதலிய மொழிகளின் சொற்களும் கலந்து கிரியோ என்னும் மொழி வளர்ந்தது. இன்று அது நாடு முழுவதற்கும் பொதுமொழி. 1961 ஏப்ரல் 27ஆம் நாள் நாடு விடுதலை பெற்றபொழுது, பிரீடவுன் அதன் தலைநகராயிற்று.

1792இல் வந்தவர்கள் ஒன்றுகூடி இறைவனை வழுத்தியதாகச் சொல்லப்படும் பெருமரம் நகரின் நடுவே நெடுங்காலம் நின்றது. நம் நாட்டில் தலையணைக்குப் பஞ்சு தரும் இலவமே அதுவும். 2023 மே 24ஆம் நாள் வீசிய புயற்காற்றில் அது முறிந்து வீழ்ந்தது. நகரமே கண்ணீர் வடித்தது.

மரம் வீழ்ந்தபோதும் மரபு வீழவில்லை. பதிவேட்டின் பெயர்களும், கல்லூரியும், கிரியோ மொழியும் எஞ்சி நிற்கின்றன. நாடும் உறவும் பறிக்கப்பட்டோர் கல்வியாலும் மொழியாலும் தமக்கென ஒரு நகரத்தை ஆக்கிக் கொண்டனர். விரும்பிப் பெயர்ந்து வந்த நாம் நம் நிலையை அவர்தம் துயரோடு ஒப்பிடுதல் தகாது. ஆயினும் அவர்தம் உறுதியை நாம் கற்றல் தகும்.