கல்லுரலிலிருந்து கண்ணாடி ஜாடிக்கு: மெக்சிகோவின் பச்சைச் சல்சாவில் புளிப்பின் வரலாறு

டொமாட்டியோக் காயையும் பச்சை மிளகாயையும் சேர்த்து அரைக்கும் மெக்சிகோத் துவையலே பச்சைச் சல்சா. டொமாட்டியோவைப் பழுக்காத தக்காளி என்று நினைப்பவர்கள் பலர். அது தனி இனம். தாவரவியலில் பிசாலிஸ் ஃபிலடெல்பிகா. நம் வயலோரங்களில் காகிதப் பைபோன்ற உறைக்குள் காய்க்கும் சொடக்குத் தக்காளிக்கு நெருங்கிய உறவு. இன்று வட அமெரிக்க வீடுகளில் இந்தத் துவையலை ஜாடிகளில் அடைத்து, கொதிநீரில் வேகவைத்து, மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கிறார்கள். பழைய சல்சா புதிய பாத்திரத்துக்கு மாறியது, அவ்வளவுதான் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. சான்றுகள் வேறுவிதமாகப் பேசுகின்றன. ஜாடிச் சல்சா தன் மூதாதையிடமிருந்து பிரிந்த தனி உணவு. அதன் அளவுகளைத் தீர்மானிப்பது நாக்கைவிட அமிலம்தான். அந்தக் கட்டாயத்தின் வேர்களில் பெரும்பகுதி 16ஆம் நூற்றாண்டில் சல்சாவுக்குள் நுழைந்த பொருள்களில் இருக்கிறது.

ஸ்பானியர் வருகைக்கு முந்தைய நிலையை அறிய நமக்குக் கிடைத்துள்ள மிகச் செறிவான சான்று, பெர்னார்தினோ தெ சாகுன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, உள்ளூர் மக்களான நாவா அறிஞர்களின் துணையோடு தொகுத்த பெருநூல். 1570களில் நிறைவுபெற்ற அந்தப் பன்னிரண்டு பாகத் தொகுப்பின் பத்தாம் பாகம் சந்தை வணிகர்களை வகைவகையாக விவரிக்கிறது. பல வகைத் தக்காளி விற்பவர், மிளகாய் விற்பவர், மிளகாயும் தக்காளியும் பூசணி விதையும் சேர்ந்த குழம்புகளை ஆயத்தமாக விற்பவர் என எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அரைக்கும் கருவி, மொல்காஹேட்டே எனப்படும் மூன்று கால் கொண்ட எரிமலைக்கல் உரல். இந்தச் சமையலில் நெடுநாள் வைத்திருக்க வேண்டியவற்றை உலர்த்தினார்கள், புகையில் இட்டார்கள். முற்றிய மிளகாயைப் புகையூட்டி உலர்த்தும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அரைத்த சல்சாவோ அன்றாடப் பண்டம். அதைச் சேமிக்கும் தேவையே எழவில்லை. ஆகவே அதன் புளிப்பு எவ்வளவு என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை.

1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணக் கப்பல்கள் எலுமிச்சை இனங்களின் விதைகளையும் வெங்காயத்தையும் கரீபியத் தீவுகளுக்குக் கொண்டுவந்தன. பூண்டும் கொத்தமல்லியும் திராட்சைக் காடியும் ஸ்பானியக் குடியேற்றத்தோடு மெக்சிகோவை அடைந்தன. இன்று பச்சைச் சல்சாவின் இயல்பான பகுதிகளாகத் தோன்றும் வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி மூன்றும் இப்படி வந்தவையே. சுவைக்கு இது பெரும் வளம். வேதியியல் கோணத்தில் பார்த்தால் நிலைமை மாறுகிறது. டொமாட்டியோவின் பி.எச். அளவு ஏறத்தாழ 3.8, நல்ல புளிப்பு. வெங்காயம் 5.3க்கும் 5.8க்கும் இடையில் நிற்கிறது. பூண்டு 6ஐ நெருங்குகிறது. இந்த அளவுகோலில் ஓர் எண் ஏறினால் புளிப்பு பத்தில் ஒன்றாகக் குறைகிறது. பச்சை மிளகாயும் குறைந்த அமிலம் கொண்டதுதான் என்பதால், பழைய சல்சா முழுக்கப் புளிப்பானது என்று வாதிட முடியாது. ஆனாலும் வெங்காயம் கூடக்கூட டொமாட்டியோவின் பங்கு சுருங்கியது. மாற்று மருந்தான எலுமிச்சையும் காடியும் அதே கப்பல் வழியாகத்தான் வந்தன. மெக்சிகோ மக்கள் பச்சை மிளகாயை நெடுநாள் வைக்க விரும்பியபோது அதைக் காடியில் ஊறவைத்த எஸ்கபெச்சே முறையைக் கையாண்டது தற்செயல் அல்ல. அமில அறிவியல் பிறப்பதற்கு முன்பே அனுபவம் அங்கு வழிகாட்டியிருக்கிறது.

ஜாடியின் கதை ஐரோப்பாவில் தொடங்குகிறது. உணவைக் காற்றுப்புகாமல் அடைத்துக் கொதிக்கவைக்கும் முறையை நிக்கோலா அப்பேர் 1810இல் நூலாக வெளியிட்டார். அது ஏன் பலிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. 1858இல் ஜான் மேசன் திருகுமூடிக் கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றார். வீட்டுப் பதனம் பரவியது. கருவி முந்திக்கொண்டது, அறிவு பின்னால் வந்தது; இடைப்பட்ட காலத்து நம்பிக்கைகள் பல சமையலறைகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 1895இல் பெல்ஜியத்தின் எல்செல் ஊரில் பன்றித் தொடைக்கறி உண்டவர்கள் நோயுற, எமில் வான் எர்மெங்கம் அதற்குக் காரணமான நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். மண்ணில் வாழும் அதன் வித்துகள் கொதிநீரின் 100 பாகை வெப்பத்தையும் தாங்குபவை. காற்றில்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடத்தில் அவை முளைத்து, நரம்புகளை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். டப்பாவில் அடைத்த ஆலிவ் காய்களால் அமெரிக்காவில் பலர் இறந்ததை அடுத்து, எஸ்டி, மையர் என்ற ஆய்வாளர்கள் 1922இல் இந்த வித்துகளின் வெப்பத் தாங்குதிறனை அளந்து வெளியிட்டனர். பி.எச். 4.6 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் வித்து முளைக்காது என்பது பின்னர் சட்ட எல்லையாகவே நிலைபெற்றது.

காரம் காக்கும் என்ற நம்பிக்கையை 1977ஆம் ஆண்டு தகர்த்தது. மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் நகரில், வீட்டு முறையில் ஜாடியில் அடைத்த ஹாலபேனியோ மிளகாயை ஓர் உணவகத்தில் உண்ட 59 பேர் பொட்டுலின நஞ்சால் பாதிக்கப்பட்டனர். மிளகாயின் எரிவு அந்த நுண்ணுயிரை ஒன்றும் செய்யவில்லை. சல்சாவின் மிக முக்கிய உறுப்பு தனித்து நின்றால் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழக விரிவாக்கத் துறைகள் சோதித்து வெளியிட்ட, இன்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வீட்டு உணவுப் பதன மையம் பரிந்துரைக்கும் பச்சைச் சல்சா செய்முறையைக் கூர்ந்து படித்தால் இந்த வரலாறு முழுவதும் அதற்குள் இருக்கிறது. 5 கோப்பை நறுக்கிய டொமாட்டியோ. 4 கோப்பை வெங்காயம். இரு வகை மிளகாயும் சேர்ந்து 2 கோப்பை. ஆறு பல் பூண்டு. புளிப்புக் குறைந்த காய்கள் டொமாட்டியோவை விஞ்சிவிட்டன. அதை ஈடுகட்டுவது 1 கோப்பை எலுமிச்சைச் சாறு. அதுவும் கடையில் விற்கும் புட்டிச் சாறு. பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், புட்டிச் சாற்றில் அது சீராக இருக்கும். எல்லாவற்றையும் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, சூடாகவே அரை லிட்டர் அளவுள்ள பைன்ட் ஜாடிகளில் அரை அங்குலம் இடம் விட்டு நிரப்பி, கொதிநீரில் 15 நிமிடம் வைக்க வேண்டும். ஆயிரம் அடி உயரத்தைத் தாண்டினால் 20 நிமிடம், ஆறாயிரம் அடிக்கு மேல் 25. சாகுன் விவரித்த சந்தைகள் கூடிய மெக்சிகோ நகரம் 7,300 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும்.

இதற்கு எதிராக எழும் வாதங்களில் வலுவானது, தலைமுறைகளாக எலுமிச்சை இல்லாமலே அடைத்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது. பொட்டுலின நஞ்சு அரிதானது, உண்மை. அரிதாக இருப்பதால்தான் ஒரு குடும்பத்தின் அனுபவம் அதை அளக்கப் போதாது. கெட்ட வாடையோ நிறமாற்றமோ இல்லாத ஜாடியிலும் அது இருக்கலாம். எலுமிச்சை சேர்த்தால் சல்சா தன் மரபை இழக்கிறது என்பது இரண்டாவது வாதம். வெங்காயத்தை மரபாக ஏற்றுக்கொண்டவர் அதே காலத்தில் வந்த எலுமிச்சையை அந்நியம் என்று தள்ளுவதில் நியாயம் இல்லை. அழுத்தக் கலத்தில் வைத்தால் அமிலம் வேண்டாமே என்பார்கள். கோட்பாட்டளவில் அது சரி; ஆனால் இத்தகைய கெட்டியான கலவையின் நடுப்பகுதிவரை வெப்பம் சென்றுசேரும் நேரத்தைச் சோதிக்காமல் ஊகிக்க முடியாது, டொமாட்டியோவின் பச்சை மணமும் அந்த வெப்பத்தில் நிற்காது. சுவை மாறுகிறது என்ற குறையை மட்டும் முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஜாடிச் சல்சா, உரலில் அப்போதே அரைத்த சல்சாவுக்கு ஈடாகாது. கொத்தமல்லியைப் பரிமாறும் நேரத்தில் சேர்த்தால் அந்த இழப்பு ஓரளவு குறையும்.

ஆகவே சோதித்த செய்முறையில் மிளகாயின் வகையை மாற்றலாம், உப்பையும் மசாலாவையும் குறைக்கலாம். வெங்காயம், மிளகாய், பூண்டின் மொத்த அளவைக் கூட்டவோ எலுமிச்சைச் சாற்றைக் குறைக்கவோ கூடாது. பாட்டி வழிவந்த செய்முறையை எழுத்து மாறாமல் காக்க விரும்புபவர்கள் அந்தச் சல்சாவை உறைபெட்டியில் வைக்கட்டும், அலமாரியில் வேண்டாம்.