சண்டிகர் கல் தோட்டம் உருவான கதை

விற்பனைக் கண்காட்சிக்காக எங்கள் குழுவிலிருந்து சண்டிகர் போயிருந்தபோது, கடைசி நாள் கல் தோட்டம் பார்க்கக் கூட்டிப் போனார்கள். பார்க்குல என்ன இருக்கப் போகுதுன்னுதான் போனேன். உள்ளே வரிசை வரிசையாகப் பெண் சிலைகள், உடம்பெல்லாம் உடைந்த கண்ணாடி வளையல். அந்தத் தோட்டத்தின் வரலாற்றைத்தான் எழுதுகிறேன்.

அதைச் செய்தவர் நேக் சந்த். 1924-ல் பிறந்தவர். 1947 பிரிவினையில் அவர் பிறந்த ஊர் பாகிஸ்தானோடு போய்விட்டது. இந்தப் பக்கம் வந்தவர், சண்டிகரில் சாலை ஆய்வாளர் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதுதான் அந்த நகரத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்காகப் பல கிராமங்களைக் காலி பண்ணி இடித்தார்கள். எங்க அம்மா வீட்டுத் திண்ணையை ரோடு அகலப்படுத்த இடிச்சப்போ அம்மியை மட்டும் தூக்கிட்டு வந்தோம். அதனால் இந்த இடம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

இடித்த இடங்களிலும் குப்பைமேட்டிலும் கிடந்த உடைந்த பீங்கான், வளையல், இரும்பு எல்லாவற்றையும் அவர் பொறுக்கினார். ஆற்றோரம் போய் ஆள் மாதிரி, பறவை மாதிரி இருக்கிற கற்களைத் தேடிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். சுக்னா ஏரிக்குப் பக்கத்துக் காட்டில் சேர்த்தார். நல்ல உருவம் உள்ள கல்லை உளி வைக்காமல் அப்படியே நிறுத்திவிடுவார். மற்ற சிலைகளுக்குப் பழைய சைக்கிள் கம்பிதான் எலும்பு. அதன்மேல் சிமெண்ட் பூசி, காய்வதற்குள் வளையல் துண்டையும் பீங்கானையும் பதிக்க வேண்டும்.

அது அரசாங்க நிலம். கட்டடம் எதுவும் கட்டக்கூடாத இடம். அதனால் வேலை முடிந்த பிறகு, ராத்திரியில், ஒருத்தருக்கும் தெரியாமல் செய்தார். நாம சிறுவாட்டுக் காசை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைக்கிற மாதிரிதான். ஆனால் அவர் ஒளித்தது பதினெட்டு வருஷம், பல ஏக்கர்! அவர் மனைவி ரொட்டி சுட்டு வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி காத்திருந்தாரோ, அதை யாரும் சொல்லவில்லை.

அதிகாரிகள் கண்டுபிடித்தபோது, சட்டப்படி இடித்திருக்க வேண்டும். ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்கள். 1976-ல் தோட்டத்தை மக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்கே சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. பிறகு ஒரு சமயம் ரோடு போட இடிக்க வந்தபோதும் ஜனங்கள் கைகோத்து மறித்தார்கள். 2015-ல் அவர் காலமானார். தோட்டம் இப்போது ஏறக்குறைய 40 ஏக்கர்.

ஊருக்கு வந்ததும் நானும் ஒரு மயில் செய்தேன். மணல் கூடிப்போய்க் கழுத்தில் விரிசல் விட்டது. அடுத்ததற்குக் கம்பி வேண்டும். தொழுவத்தில் நிற்கிற பழைய சைக்கிளை வீட்டுக்காரரிடம் கேட்டேன். “பேரீச்சம்பழத்துக்குப் போட வெச்சிருக்கேன்”னு சொல்றார். பழக்காரர் வந்து ரெண்டு தடவை கேட்டுவிட்டார். நான் இன்னும் கொடுக்கவில்லை.