எண்ணெய் கேட்ட பூஞ்சை

தேமல் என்றால் தெரியாதவர் இருக்க முடியாது. முதுகிலும் மார்பிலும் வெளிறிய திட்டுகள், சொறிந்தால் மாவு மாதிரி உதிரும். பொடுகும் அப்படித்தான், வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கும். இந்த இரண்டுக்கும் பின்னால் ஒரே குடும்பத்து ஈஸ்ட் இருக்கிறது. அதன் பெயர் மலசீசியா. அது என்ன சாப்பிடுகிறது என்று கண்டுபிடிக்க மருத்துவர்களுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன!

கதை 1846-ல் ஜெர்மனியில் தொடங்குகிறது. ஐஷ்டெட் என்ற மருத்துவர் தேமல் செதிலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். இழைகளும் உருண்டைகளுமாக ஒரு பூஞ்சை தெரிந்தது. 1853-ல் பிரான்சின் ராபின் அதற்கு ஒரு பெயர் வைத்தார். 1874-ல் பாரிசில் லூயி மலசே, தலைப் பொடுகில் முளைவிட்டுப் பெருகும் சிறு ஈஸ்ட் செல்களை விவரித்தார். அவர் நினைவாகத்தான் 1889-ல் பெய்யோன் 'மலசீசியா' என்று பெயர் சூட்டினார்.

பார்க்க முடிந்ததே தவிர, வளர்க்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு கிருமியைத் தட்டில் தனியாக வளர்த்துக் காட்டாமல் யாரும் அதை நம்ப மாட்டார்கள். பூஞ்சைகளை வளர்க்க இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுவது சபூரோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் ஊடகம், சர்க்கரையும் பெப்டோனும் கலந்தது. அதே சபூரோதான் 1904-ல் பொடுகு ஈஸ்டுக்கு 'பிடிரோஸ்போரம்' என்று இன்னொரு பேரினப் பெயரும் கொடுத்தார். ஆனால் மனிதத் தோலில் வாழும் இந்த ஈஸ்டுகள் அவருடைய ஊடகத்தில் மட்டும் வளராது. வேடிக்கைதான்.

நடுவில் நம் பக்கமும் கதை வருகிறது. கொழும்பில் வேலை பார்த்துவந்த இத்தாலிய மருத்துவர் கஸ்தெல்லானி வெப்பநாட்டுத் தேமல்களை ஆராய்ந்தவர். 1913-ல் அவரும் சால்மர்ஸும் பொடுகு ஈஸ்டை பிடிரோஸ்போரம் ஓவேல் என்றழைத்தார்கள். 1927-ல் கல்கத்தாவில் பஞ்ஜா என்ற மருத்துவர், பொடுகு ஈஸ்டும் மலசீசியாதான் என்று அந்தப் பெயரின் கீழேயே கொண்டுவந்தார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 1986-ல்தான் பெயர்களைத் தீர்மானிக்கும் சர்வதேசக் குழு மலசீசியா என்ற பெயரே செல்லும் என்று முடிவு செய்தது. பஞ்ஜாவுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சரி, சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். 1939-ல் நியூயார்க்கில் ரோடா பென்ஹாம் என்ற பெண் விஞ்ஞானி, ஊடகத்தில் கொழுப்பு சேர்த்தால்தான் இது வளரும் என்று காட்டினார். 1951-ல் மாரிஸ் கார்டன் ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ஊடகத்தில் உருண்டை வடிவ இனத்தைப் பிரித்தெடுத்தார். ஏன் கொழுப்பு? 1963-ல் ஷிஃப்ரின், மார் என்ற இருவர் பதில் தேடினார்கள். சாதாரண ரொட்டி ஈஸ்ட், சர்க்கரையிலிருந்து இரண்டிரண்டு கார்பனாகக் கோத்து 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலத்தைத் தானே செய்துகொள்ளும். மலசீசியாவுக்கு அது முடியாது. 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலமோ பால்மிடிக் அமிலமோ வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். அதை வைத்துத்தான் செல்சவ்வு கட்டும். (தேங்காய் எண்ணெயில் இந்த மிரிஸ்டிக் அமிலம் கணிசமாக இருக்கிறது. எண்ணெய் தேய்த்தால் பொடுகு போகும் என்பவர்கள் கவனிக்க!)

தோலில் அதற்கு இதெல்லாம் இலவசம். நம் எண்ணெய்ச் சுரப்பிகள் விடும் சீபத்தில் டிரைகிளிசரைடு நிறைய உண்டு. ஈஸ்ட் லைப்பேஸ் நொதியை வெளியே விட்டு அதை வெட்டுகிறது. நிறைவுற்ற அமிலங்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஓலெயிக் அமிலம் போன்ற நிறைவுறாதவை தோலிலேயே மிஞ்சுகின்றன. பொடுகு வரக்கூடிய தலையில் ஓலெயிக் அமிலத்தைத் தடவினாலே செதில் உதிர்கிறது என்று 2005-ல் காட்டினார்கள். சுரப்பிகள் விழித்துக்கொள்ளும் பருவ வயதில் தேமல் தலைகாட்டுவதும் இதனால்தான்.

இந்தச் சாப்பாட்டுப் பழக்கம் உயிருக்கே ஆபத்தாகும் இடமும் உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு வாயால் பால் கொடுக்க முடியாதபோது, சோயா எண்ணெய்க் குழம்பை ரத்தக்குழாய் வழியாக நேரடியாக ஏற்றுவார்கள். 1981-ல் அமெரிக்க மருத்துவர்கள் ரெட்லைனும் டாம்ஸும், அப்படி நீண்ட நாள் ஏற்றப்பட்ட ஒரு குழந்தையின் நுரையீரல் ரத்தக்குழாய்களில் படிந்த கொழுப்புக்குள்ளே மலசீசியா இருந்ததை எழுதினார்கள். தோலிலிருந்து வந்த ஈஸ்டுக்குக் குழாய் முழுக்க விருந்து. இதில் கொடுமை என்னவென்றால், ஆய்வகத்தில் வழக்கமான தட்டில் ரத்தத்தைப் போட்டால் எதுவும் முளைக்காமல் போகலாம், அதில் எண்ணெய் இல்லையே. பென்ஹாம் சொன்னது தெரிந்து, சந்தேகப்பட்டு, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றிப் பார்த்தால்தான் குற்றவாளி பிடிபடும்.

2007-ல் மலசீசியா குளோபோசாவின் மரபணுத் தொகுப்பு வெளியானது. மொத்தம் 4,285 மரபணுக்கள்தான். பூஞ்சைக்கு இது ரொம்பச் சிறியது. கொழுப்பு அமிலத்தை உற்பத்தி செய்யும் மரபணுவைத் தேடினால், காணவே இல்லை! அதற்குப் பதிலாக லைப்பேஸ் மரபணுக்கள் வரிசையாக இருந்தன. 1963-ல் தட்டில் கண்டதற்குக் காரணம் கடைசியில் கிடைத்தது.

ஒன்றே ஒன்று மட்டும் ஒத்துவராமல் இருந்தது. 1925-ல் வைட்மன் என்பவர் தோல் நோய் வந்த ஒரு இந்தியக் காண்டாமிருகத்திலிருந்து எடுத்த பாக்கிடெர்மாடிஸ் என்ற இனம். நாய்களின் காதில் அதிகம் காணப்படும். எண்ணெய் சேர்க்காத சபூரோ ஊடகத்திலும் இது வளர்ந்தது, அதனால் இதற்குக் கொழுப்பே வேண்டாம் என்று பல காலம் பாடப்புத்தகங்களில் எழுதினார்கள். இதுவும் சாது இல்லை. அமெரிக்காவில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 15 பச்சிளம் குழந்தைகளிடம் இது பரவியதைப் பற்றி 1998-ல் ஒரு கட்டுரை வந்தது. ஊழியர்களின் வீட்டு நாய்களில் மூன்றிடம் அதே வகை இருந்தது. கையைச் சரியாகக் கழுவ வைத்ததும் பரவல் நின்றது.

2015-ல் 14 இனங்களின் மரபணுத் தொகுப்புகளை ஒப்பிட்டார்கள். பாக்கிடெர்மாடிஸிடமும் அந்த மரபணு இல்லை. இத்தனை காலமும் அது பெப்டோனில் ஒட்டியிருந்த கொஞ்சம் கொழுப்பைத் தின்றே பிழைத்திருக்கிறது.