காக்கும் வேலை

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரே அதை நெய்துவிட முடியாது. கரைக்கான நாடாவைத் தள்ள, பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அந்தக் கை பெண்ணுடையது. தார் சுற்றுவதும் அவள்தான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் நெசவாளர் என்று இருப்பது பெரும்பாலும் கணவர் பெயர். அந்தப் பட்டு இழை புழுவின் உடலில் எப்படி உருவாகிறது என்று விளக்கும் அறிவியலின் வரலாறும் இப்படித்தான் கணக்கு எழுதியிருக்கிறது.

பட்டுப்புழுவின் எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதி. ஆனாலும் பட்டுச் சுரப்பியின் பின்பகுதி மட்டுமே இழைப் புரதமான ஃபைப்ரோயினைச் சுரக்கிறது. நடுப்பகுதி பசைப் புரதமான செரிசினைத் தருகிறது. தோலில் இரண்டு மரபணுக்களும் இருந்தும் பட்டு இல்லை. இருக்கும் மரபணுவை எது பேசவிடாமல் வைக்கிறது?

1950இல் எடின்பரோவில் எட்கர் ஸ்டெட்மன், எல்லன் ஸ்டெட்மன் தம்பதியர் ஒரு விடை சொன்னார்கள். குரோமோசோமில் டிஎன்ஏயோடு சேர்ந்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் செல்லுக்குச் செல் வேறுபட்டு, தேவையில்லாத மரபணுக்களை அடக்குகின்றன என்றார்கள். ஹிஸ்டோன்கள் அந்த அளவுக்கு வேறுபடுவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. அவை மரபணுக்களைக் கட்டுப்படுத்துகின்றன என்ற கருத்தோ நிலைத்தது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, கலிபோர்னியாவில் பழ ஈக்களின் வளர்ப்பு இருப்பைக் கவனித்துவந்த பமீலா லூயிஸ், விசித்திரமான ஓர் ஈயைப் பார்த்திருந்தார். ஆண் ஈயின் முன்னங்கால்களில் மட்டும் இருக்க வேண்டிய சீப்பு போன்ற முட்கள், அதன் பின்கால்களிலும் இருந்தன. 1947இல் ஈ ஆய்வாளர்களின் சுற்றறிக்கையில் அதைச் சிறு குறிப்பாக எழுதினார். அதுதான் 'பாலிகோம்ப்'. அந்த மரபணு மற்ற மரபணுக்களை அடக்கிவைக்கிறது என்று 1978இல் அவருடைய கணவர் எட்வர்ட் லூயிஸ் விளக்கினார். உடல் வடிவ மரபணுக்களைப் பற்றிய ஆய்வுக்காக 1995இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாலிகோம்ப் புரதங்கள் செய்யும் வேலையைப் பாருங்கள். கருவில் எந்தச் செல் எதுவாக வேண்டும் என்று முதலில் முடிவெடுக்கும் புரதங்கள் சில மணி நேரத்தில் மறைந்துவிடுகின்றன. அந்த முடிவை மறக்காமல் காப்பவை பாலிகோம்ப் புரதங்கள். அணைந்திருக்க வேண்டிய மரபணுக்களின் மேல், ஹிஸ்டோனில் ஒரு வேதிக் குறியை இட்டு, செல் பிரியும்போதெல்லாம் அதைப் புதுப்பிக்கின்றன. அவை தவறினால் கால் இடம் மாறுகிறது. இந்தப் புரதக் குடும்பம் பட்டுப்புழுவிலும் நம்மிடமும் உண்டு.

முடிவெடுப்பதை மட்டும் சாதனை என்று எழுதிப் பழகிவிட்டோம். தினமும் புதுப்பித்துக் காக்காவிட்டால் எந்த முடிவும் நிற்காது என்பதை உயிரியலே சொல்கிறது. பமீலா கவனித்துவந்ததும் அப்படிப்பட்ட ஒரு காப்பு வேலைதான். அந்த ஈ அவர் கண்ணில் பட்டதும் அந்த வேலைக்கு நடுவில்தான். கரை நாடாவைத் தள்ளும் கைக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி வேண்டும்.