திரைக்கு முன்பே வந்த வீடு: மூளை முடக்குவாதப் பயிற்சியும் எல்லைத் தமிழரும்

மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளுக்கு இணையவழியில் வீட்டிலேயே அளிக்கப்படும் பயிற்சியைக் கொரோனாக் காலத்தின் கண்டுபிடிப்பாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உள்ளது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. வீடு முதலில் வந்தது. திரை பின்னர் வந்தது. இவ்வரிசையை மறந்தால், எருத்தேன்பதி போன்ற எல்லையூர்களில் இச்சேவைக்கு எது இன்றியமையாதது என்பது புலப்படாது.

1861இல் லண்டன் மகப்பேற்றியல் கழகத்தில் வில்லியம் ஜான் லிட்டில் வாசித்த கட்டுரை, கடினமான பிரசவத்துக்கும் குழந்தையின் தசை இறுக்கத்துக்கும் உள்ள தொடர்பை முன்வைத்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பெர்த்தா போபாத், கரேல் போபாத் இணையர் வகுத்த முறை, பயிற்றுநரின் தேர்ந்த கையையே கருவியாகக் கொண்டது. அக்கை நகரத்தில் இருந்தது. குழந்தைகளுள் பலர் ஊர்ப்புறத்தில் இருந்தனர்.

இவ்விடைவெளியை நிரப்பவே வீடு களமாயிற்று. 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தொடங்கிய போர்ட்டேஜ் திட்டம், வீடுதோறும் சென்று பெற்றோரையே பயிற்றுநராக்கியது. 1970களின் இறுதியில் உலகச் சுகாதார நிறுவனம் சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு முறையை முன்மொழிந்தது.

தமிழ்நாட்டில் இம்மரபுக்குச் சிறந்த சான்று தென்காசி மாவட்டத்து ஆய்க்குடி. 1975இல் கடற்படைத் தேர்வின்போது முதுகுத்தண்டில் காயமுற்று உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் அங்கு அமர் சேவா சங்கத்தை நிறுவினார். இச்சங்கத்தின் ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ செயலி பெருந்தொற்றுக்கு முன்பே வழக்கில் இருந்தது. ஊர்ப்புறப் பணியாளர் வீட்டுக்குச் சென்று குழந்தையின் நிலையைப் பதிவார். இயன்முறை, செயல்முறை, பேச்சுப் பயிற்சி வல்லுநர்கள் அதனைக் கண்டு வழிகாட்டுவர். இங்கே தொழில்நுட்பம் ஓர் இடைமனிதரின் கையில் இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

2020இன் ஊரடங்கு அவ்விடைமனிதரைப் பல வீடுகளிலிருந்து விலக்கிற்று. அவ்வாண்டு மார்ச் 25 அன்று இந்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. திரைவழிச் சேவை பெருகியது. வல்லுநரின் கையும் பணியாளரின் கையும் இல்லாதபோது எஞ்சியது சொல் ஒன்றே. அச்சொல்லைக் கேட்டுச் செயற்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் தாயைச் சேர்ந்தது.

அச்சொல் எளியதன்று. இறுகிய தசையை விரைந்து இழுத்தால் அது மேலும் இறுகும். மெல்ல நீட்டி, சற்று நேரம் நிறுத்த வேண்டும். உணவூட்டும்போது தலை பின்னால் சாய்ந்தால் உணவு மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும். ‘மெல்ல’ என்பதற்கும் ‘இன்னும் கொஞ்சம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தாய் தன் மொழியில் உணர வேண்டும். மொழி இங்கு வசதி அன்று, சிகிச்சையின் உறுப்பு.

எருத்தேன்பதியின் வரலாறு இவ்விடத்தில்தான் பொருள்படுகிறது. அவ்வூர் அடங்கிய சித்தூர் வட்டம், மலபார் மாவட்டத்தை ஒட்டியிருந்தும் கொச்சி அரசைச் சார்ந்திருந்தது. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் 1956இல் கேரளத்திலும் சேர்ந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தை ஒட்டிய இப்பகுதியில் தமிழ் பலருக்கு வீட்டு மொழி. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள உரிமை அளித்தது. அது காகிதத்தை மனத்திற்கொண்டு இயற்றப்பட்ட சட்டம். திரையில் ஒரு பயிற்றுநர் தாயிடம் பேசும் சொல் அதன் எல்லைக்குள் வருமா?

வரவேண்டும் என்பதே என் கருத்து. ஆய்க்குடியில் உருவான தமிழ்ப் பயிற்சி அனுபவம் எல்லைக்கு இப்பாலே இருக்கிறது. சேவை பெறும் உரிமையோ மாநில நிர்வாகத்தோடு பிணைந்திருக்கிறது. 1956இன் கோடு அலைபேசித் திரையிலும் ஓடுகிறது. மாற்றுத்திறன் வரலாற்றையும் மொழிச் சிறுபான்மை வரலாற்றையும் தனித்தனித் துறைகளாகப் பயிலும் நாம், இவ்விரண்டும் ஒரு குழந்தையின் உடலில் சந்திப்பதை இனியேனும் சேர்த்துப் படிக்க வேண்டும். இத்திசையில் ஆய்வு செய்யும் மாணவர்களின் கருத்துகளை வரவேற்கிறேன்.