பாவித்த கேம் வாங்கினால் பிழையா? நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வழக்கின் கதை

பாவித்த கேம் டிஸ்க் ஒன்றை வாங்கினால், அதை உருவாக்கிய நிறுவனத்துக்கு ஒரு சதமும் போகாது. அப்படியென்றால் அது பிழையா? புதிதாகத்தான் வாங்க வேண்டுமா? பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குள் நடக்கும் வாதம் இது. நமக்கு விளையாட்டுப் பேச்சாகத் தெரியலாம். ஆனால் இந்த வாதம் கேமில் தொடங்கியதல்ல. ஒரு நாவலில் தொடங்கியது.

1904இல் அமெரிக்காவில் 'த காஸ்ட்அவே' என்ற நாவல் வெளியானது. இதை 1 டொலருக்குக் குறைவாக விற்பது பதிப்புரிமை மீறல் என்று பதிப்பகம் புத்தகத்துக்குள்ளேயே அச்சடித்து விட்டது. நியூயோர்க்கின் மேசீஸ் கடை அதைக் கணக்கெடுக்காமல் 89 சதத்துக்கு விற்றது. வழக்கு அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை போனது. 1908இல் தீர்ப்பு வந்தது: முதல் விற்பனையோடு பதிப்பகத்தின் பிடி முடிந்து விட்டது. பிரதி எடுப்பதைத் தடுக்கலாம், ஆனால் விற்ற புத்தகம் அடுத்த கைக்கு என்ன விலைக்குப் போக வேண்டும் என்று கட்டளையிட முடியாது. அடுத்த வருடமே இது சட்டத்திலும் ஏறியது. சுருக்கமாகச் சொன்னால், விற்றது விற்றதுதான்.

அதே கேள்வி 1990களின் கடைசியில் ஜப்பானில் கேம் வடிவில் வந்தது. பாவித்த கேம் விற்ற கடைகள் மீது கெப்கொம், கொனாமி போன்ற நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அவர்களது வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. புத்தகம் கைமாறக் கைமாறக் கிழியும். கேம் டிஸ்க் பத்தாவது ஆளுக்கும் புதிது போலவே ஓடும். கடைக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் இலாபம், உருவாக்கியவருக்கு முதல் தடவை மட்டும்தான். அதனால் திரைப்படப் பிரதிகளுக்குச் சட்டம் கொடுத்த விநியோகக் கட்டுப்பாட்டைத் தங்களுக்கும் கேட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லின. கடைசியில் 2002 ஏப்ரலில் ஜப்பானின் உயர் நீதிமன்றம் முடித்து வைத்தது: கேமும் திரைப்படம் போன்ற படைப்புத்தான், ஆனாலும் ஒரு தடவை விற்றதும் அந்த உரிமை தீர்ந்து விடுகிறது.

நீதிமன்றத்தில் கிடைக்காததை நிறுவனங்கள் தொழில்நுட்பத்தில் தேடின. 2010இல் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் 'ஒன்லைன் பாஸ்' கொண்டு வந்தது. புதிய டிஸ்க்கோடு ஒரு குறியீடு வரும். பாவித்ததை வாங்கியவர் ஒன்லைனில் விளையாட 10 டொலர் தனியாகக் கட்ட வேண்டும்.

2013 ஜூனில் மைக்ரோசொஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. எக்ஸ்பொக்ஸ் வன் 24 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இணையத்தில் இணைய வேண்டும். டிஸ்க்கைக் கூட்டாளிக்குக் கொடுக்கலாம், ஆனால் அவர் 30 நாளாவது உங்கள் நண்பர் பட்டியலில் இருக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவைதான். சில நாட்களில் சொனி ஒரு சின்ன வீடியோ போட்டது. 'பிளேஸ்டேஷன் 4இல் கேமைப் பகிர்வது எப்படி?' ஒருவர் மற்றவர் கையில் டிஸ்க்கைக் கொடுக்கிறார். அவ்வளவுதான்! எதிர்ப்புத் தாங்காமல் ஜூன் 19இல் மைக்ரோசொஃப்ட் அந்த நிபந்தனைகளை வாபஸ் வாங்கியது.

வாடிக்கையாளர் வென்று விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் போராடிப் பாதுகாத்த அந்த டிஸ்க்கே மெதுவாக மறைந்தது. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது டிஸ்க் போட இடமே இல்லாத ஒரு மொடலும் கூடவே வந்தது. டவுன்லோட் செய்த கேமை மறுபடி விற்கலாம் என்று 2019இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று சொன்னது. 2022இல் மேன்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2024 மார்ச் 31இல் யூபிசொஃப்ட் 'த குரூ' கேமின் சேர்வரை நிறுத்தியபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதை விளையாட முடியாமல் போனது. அதே வருடம் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது: 'வாங்கு' என்ற சொல்லைப் போட்டு டிஜிட்டல் கேம் விற்பவர், கொடுப்பது லைசன்ஸ் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அதனால் 'புதுசா, பாவித்ததா' என்பதை விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: காசு கொடுத்த பிறகு இது எனக்குச் சொந்தமா, அல்லது அனுமதி மட்டுமா?

சிறிய குழுக்கள் உருவாக்கும் கேம்களைப் புதிதாக வாங்கி ஆதரிப்பது நல்ல விஷயம். பாவித்ததை வாங்குவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜப்பானில் ஓடிய ரீகண்டிஷன் வாகனத்தை நாம் வாங்கும்போது டொயோட்டாவுக்குப் பங்கு கொடுக்கிறோமா?

பிள்ளைக்கு கேம் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். இணையம் இல்லாமல் இது ஓடுமா? பிள்ளைக்கு அலுத்துப் போனால் தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுக்க முடியுமா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால், முழு விலை கொடுக்க முன் ஒரு தடவை யோசியுங்கள்.

உங்கள் வீட்டில் எப்படி? டிஸ்க்கா, டவுன்லோடா? கீழே சொல்லுங்கள்.