மழையின் அமிலமும் மண்ணின் சுண்ணாம்பும்: காஞ்சி வட்டாரத்தை முன்வைத்து

நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் மழையோடு இறங்கிப் பயிரையும் கட்டடத்தையும் கெடுக்கிறது என்பதை, மான்செஸ்டர் மழைநீரை ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1872இலேயே நூலாக எழுதிவிட்டார். ஏறத்தாழ நூறாண்டு அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஸ்வீடனின் ஏரிகளில் மீன்கள் மடிந்த பிறகே, 1960களில், உலகம் விழித்துக்கொண்டது. அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக் காட்டில் 1963 முதல் நடந்த ஆய்வு இன்னும் ஆழமான ஓர் உண்மையைக் காட்டியது. அமிலம் இலையைச் சுடுவதைவிட, வேர்மண்ணின் கால்சியத்தைக் கரைத்துக் கொண்டுபோவதே பெருங்கேடு. 1999இல் அங்கே ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் ஹெலிகாப்டரிலிருந்து கால்சியத் தாதுவைத் தூவினார்கள்; நலிந்திருந்த மேப்பிள் மரங்கள் தேறின. ஆகவே அமில மழையின் கேட்டை மழையின் பிஎச் அளவால் மட்டும் எடைபோட முடியாது. அதை ஏற்கும் மண்ணின் சுண்ணாம்பு இருப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரத்தில் அமில மழை பற்றிய கேள்வி எழாமலே போனதற்குக் காரணம் உண்டு. மாசில்லாத மழைகூடக் கரியமில வாயுவால் பிஎச் 5.6 அளவுக்கு லேசான அமிலம்தான். நம் சமவெளியிலோ, காற்றில் எழும் சுண்ணாம்புத் தூசு அமிலத்தைப் பெருமளவு முறித்துவிடுகிறது. இந்தப் பகுதியில் பயிரை அழித்தது வானமல்ல, ஆறு. பாலாற்று நீரில்தான் பட்டுக்குச் சாயம் பளிச்சென்று ஏறும் என்பது காஞ்சியில் வழிவழியாக வரும் பேச்சு. அதே ஆற்றின் மேற்பகுதியில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது.

அப்படியானால் மழையைப் பற்றிக் கவலை எதற்கு என்று கேட்கலாம். தூசுக் கவசம் நிலையானதல்ல. வடகிழக்குப் பருவமழையின் முதல் மழைகளே தூசைக் கழுவிவிடுகின்றன. தொடர்ந்து பெய்யும் மழைக்கு அந்தக் காப்பு குறைவு. வானிலை ஆய்வுத் துறை 2001 முதல் 2012 வரை எடுத்த அளவுகளில் கொடைக்கானல், விசாகப்பட்டினம் உள்ளிட்ட ஐந்து நிலையங்களின் பிஎச் 4.77க்கும் 5.32க்கும் இடையில் இருந்தது.

இன்னொரு வாதம் சற்றுக் கூர்மையானது: கந்தகம் பயிருக்கு உணவுதானே, நிலக்கடலைக்கு நாமே ஜிப்சம் போடுகிறோமே? உண்மைதான். விதைத்த 40–45ஆம் நாளில் மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுவது வேளாண் பரிந்துரை. ஆனால் ஜிப்சத்தில் கந்தகத்தோடு கால்சியமும் வருகிறது. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் அந்தக் கால்சியத்தை நேரடியாக உறிஞ்சுகின்றன. அது கிடைக்காவிட்டால் காய் பொக்காகிவிடும். அமில மழையோ கந்தகத்தைக் கொடுத்துக் கால்சியத்தைப் பறிக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது கணக்குப் பிழை.

அமில மழைக்கு மூலமான, அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு வந்தது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவி கட்டாயமில்லை என்று தளர்த்தப்பட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றிலும் அதன் அளவு வரம்பை மீறவில்லை என்பது அரசுத் தரப்பு வாதம். காற்றைப் பற்றி அது பேசுகிறது. மண்ணைப் பற்றிப் பேசவில்லை. உழவர் கையிலுள்ள மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவுகள் இருக்கின்றன. கந்தகம் உண்டு, பிஎச் உண்டு, கால்சியம் இல்லை.